பெயரும் பீடும்

எங்கள் ஊர் ஏரிக்கரையில், மதகைத் தாண்டியதும் வருகிற புளியமரத்தடியில் வேடியப்பன் நிற்கிறார். இடுப்பளவு உயரமுள்ள பலகைக்கல். அதில் புடைப்பாக ஓர் ஆள். வலது கையில் வாள், இடது கையில் வில், இடுப்பில் குறுவாள், ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை. கால்கள் பாய்ச்சலில் இருக்கின்றன. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு வேடியப்பன் யாரென்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு அவர்தான் குலசாமி. முதல் மொட்டை அவருக்கு, காதுகுத்து அவர் முன்னால், ஆடியில் பொங்கலும் கிடாயும் அவருக்கு.

அது செத்துப்போன ஒரு மனிதனுக்கு நட்ட கல் என்பது இருபத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருடம் கல்வெட்டு படிக்கச் சொல்லித்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். வகுப்பு நடத்திய ஐயாவிடம் எங்கள் சாமியைப் பற்றிச் சொன்னதும், "கல்லுல எழுத்து இருக்கா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசிக் கல் கறுத்துக் கிடந்தது. ஐயா வந்தார். பூசாரித் தாத்தா பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்த பிறகுதான் தொடவிட்டார். தேங்காய்நாரும் தண்ணீருமாக ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேய்த்தோம். பிறகு நனைத்த காகிதத்தைக் கல்மேல் படியவைத்து, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்வரை பிரஷால் தட்டினோம். அதன்மேல் மைப் பொதியால் ஒற்ற ஒற்ற, கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழும்பி வந்தன. வட்டெழுத்து, அந்தக் காலத்தில் தமிழ் எழுதிய பழைய எழுத்து.

கிடைத்தது பாதிதான். மேல் மூலை உடைந்திருந்தது. வலது ஓரமாக இறங்கிய வரிகள், பிற்காலத்தில் கல்லைச் சுற்றி எழுப்பிய செங்கல் மாடத்துச் சுவருக்குள் போய்விட்டன. "தொறு மீட்டுப் பட்டான் கல்" என்ற கடைசிப் பகுதியை ஐயா விரல் வைத்துப் படித்துக் காட்டினார். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். ஓட்டிப்போன மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்டவன். அவன் பெயர் சுவருக்குள் இருக்கிறது.

வீட்டுக்கு ஓடிப்போய் ஆயாவிடம் சொன்னேன். ஆயா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, "மாட்டுக்காவா செத்தாரு? பாவம், கண்ணாலம் ஆயிருந்துச்சோ என்னமோ" என்றாள்.

அன்றிலிருந்து பதினைந்து வருடத்துக்கும் மேலாக நடுகற்களைத் தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போர் நினைவுச்சின்னம் என்றால் தில்லியில் ஒரு வளைவு, தலைநகரங்களில் ஒரு தூண் என்று நினைக்கிறோம். ஊரே சேர்ந்து தன் ஆளுக்கு எழுப்புகிற சின்னம் நம் ஏரிக்கரைகளில் இரண்டாயிரம் வருடமாக நிற்கிறது. அதற்கு முறையும் இருந்தது. தொல்காப்பியம் புறத்திணையியலில் அதை ஆறு கட்டமாக வைக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்துவரும் வேலையைத் தொடங்குவது, நீரில் நனைத்துத் தூய்மை செய்வது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்திப் பாடுவது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களைப் பாருங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில், வரிசை தப்பாமல் நடுகல் முறையில்தான் எழுந்தது. இமயத்திலிருந்து கல் வந்தாலும் முறை ஏரிக்கரை முறைதான்.

நமக்குக் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் வெளிப்பட்டன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. மூன்று கற்கள். உருவம் எதுவும் கிடையாது, தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து மட்டும். எழுத்தமைதியை வைத்து கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் ஒரு கல் சொல்வது இவ்வளவுதான்: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த தீயன் அந்தவனின் கல். அரசன் பெயர் இல்லை. ஆண்டு இல்லை. வெற்றியா தோல்வியா என்ற பேச்சே இல்லை. மாட்டை ஓட்டப் போனவனா, காக்க நின்றவனா என்பதைக்கூடக் கல் சொல்லாமல் விடுகிறது. கவரப் போகிற வெட்சிக்கும் கல் உண்டு, மீட்கப் போகிற கரந்தைக்கும் கல் உண்டு. ஊர் சொல்ல நினைத்தது அவன் பெயரை. அதைச் சொல்லிவிட்டது.

பல்லவர் காலத்துக்கு வரும்போது வடிவம் நிரம்பிவிடுகிறது. செங்கம் வட்டாரத்துக் கற்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் அரசனும் அவன் ஆட்சியாண்டும் வரும். சிங்கவிண்ண பருமர், மயிந்திர பருமர் என்று வடமொழிப் பெயர்கள் வட்டெழுத்தில் நம் வாய்க்குப் பழகின உருவில் இருக்கும். அடுத்து அவனுக்குக் கீழிருந்த தலைவன். அப்புறம் ஊர், அந்தத் தலைவனின் இளமகன் எனப்பட்ட வீரனாகவோ சேவகனாகவோ இருந்த ஆள், அவன் செய்த காரியம். கடைசியில் "பட்டான் கல்." பேரரசன் பெயரில் தொடங்கினாலும் வாக்கியம் போய் முடிவது மாட்டு மந்தைக்கு முன்னால் விழுந்து கிடக்கிற ஒருவனிடம்தான். இந்த வாக்கிய அமைப்பை நான் மிகவும் நேசிக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வருவதால் "பட்டான்" என்ற சொல் வரும்வரை அவன் உயிரோடு இருக்கிறான்.

உருவத்தைச் செதுக்கியவர்கள் ஊர்த் தச்சர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். கோயில் சிற்பத்தின் நுணுக்கம் இதில் இருக்காது. கருங்கல் பலகையில் உருவத்தைச் சுற்றிக் கொஞ்சம்போலக் கொத்தி எடுத்திருப்பார்கள். அவ்வளவு மெல்லிய புடைப்பு. நடுப்பகலில் போனால் வெறும் கல்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது வாளின் விளிம்பு நிழல் கட்டும், முழங்கால் முன்னால் வரும், ஆள் எழுந்து நிற்பான். சில கற்களில் மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்திருக்கும். அப்போதும் முன்னங்கால் பின்வாங்கியிருக்காது. காலடியில் கெண்டியும் சிமிழும் போலச் சின்னச் சின்னப் பொருள்கள் இருக்கும். செத்தவனுக்குத் தாகம் எடுக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டும் அதே இடத்தில்தான் தவிக்கிறது. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை உகுக்கிறார்கள். நாடு முழுவதையும் கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா?

எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. செங்கம் பக்கத்து ஊர். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்திருக்கிறான். கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதற்கென்று தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு." இரண்டு திருடர்களைக் கடித்து, எசமானுக்குக் காவல் இருந்த கதை. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று ஊரில் யாரோ பிடிவாதமாகச் சொல்லியிருக்க வேண்டும். கருங்கல்லில் ஓர் எழுத்து வெட்டுவது சாதாரண வேலையா? உளி மழுங்கும், மறுபடி தீட்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். ஆனாலும் வெட்டினார்கள். ஆயிரத்து நானூறு வருடம் கழித்து, கோவிவன் என்று நாம் கூப்பிடலாம்.

விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த ஒரு கோழிக்கே கல் இருக்கிறது. எந்தச் சேரியின் சார்பாக அது ஆடியது என்றும் எழுதியிருக்கிறது.

பெயர் எழுதினால் மட்டும் போதாது, நிலைக்கவும் வேண்டும் என்ற கவலை சங்கப் புலவர்களுக்கே இருந்தது. "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்" என்று அகநானூறு 67-ஆம் பாட்டு வழிநெடுக நிற்கும் கற்களைக் காட்டுகிறது. அதே அகநானூற்றில் 343-ஆம் பாட்டில் உப்பு வணிகனின் வண்டிச் சக்கரம் உரசித் தலை சிதைந்த ஒரு நடுகல் வருகிறது. கூரிய உளியால் வெட்டிய கோடுகள் தேய்ந்துபோய், வழிப்போக்கருக்கு அந்த எழுத்து வேறொரு பொருளைத் தருகிறது. அன்று வண்டிச் சக்கரம், இன்று எனாமல் பெயின்ட். போன இடமெல்லாம் பார்க்கிறேன். வீரனுக்கு நீலச் சட்டை, சிவப்பு உதடு, வெள்ளைக் கண். எழுத்தின் பள்ளம் முழுக்கப் பெயின்ட் நிரம்பி வழுவழுவென்று ஆகிவிடுகிறது. அன்பினால் செய்கிறார்கள், அதனால் கோபப்படவும் முடியவில்லை. எங்கள் மாடத்தைக் கட்டியவர்களும் சாமி வெயிலில் காய்கிறாரே என்றுதான் கட்டினார்கள். ஆனால் ஒரு மனிதனின் பெயர் அந்தச் சுவருக்குள் போய்விட்டது. மாடத்தை ஒரு சாண் தள்ளிக் கட்டியிருந்தால் போதும். மாடம் இனிமேல் கட்டப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கை எடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: கல்லைச் சுற்றி ஆள் போய்வர இடம் விடுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், எண்ணெய் போதும்.

இனி வேலூருக்கு வருகிறேன்.

லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. வெங்காய மூட்டையும் தள்ளுவண்டியும் ஆட்டோவுமாக எப்போதும் நெரிசல். அந்த மணிக்கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். நம் நாட்டில் பல ஊர்களில் இதே வாசகத்தோடு பலகைகள் பதித்திருக்கிறார்கள். வாக்கியம் ஒன்றுதான். ஊரின் பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும். வேலூரும் வேலூர்ச் சுற்றுவட்டாரமும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய சீமை. கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சீமையின் நடுக்கடைத்தெருவில், செத்தவர்கள் பதினாலு பேர் என்று எழுத இடம் இருந்திருக்கிறது. பதினாலு பெயருக்கு இடம் இல்லை.

முதன்முறை அதைப் படித்தபோது நான் நினைத்தது கோவிவனைத்தான். நாய்க்குப் பெயர் வெட்டிய ஊர்களிலிருந்து போனவர்கள் இவர்கள்.

எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார். ஆயாவின் மாமனாருக்கு அண்ணன். வீட்டில் அவரைப் பஸ்ராக்காரர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் போரில் மற்ற எந்தப் போர்முனையையும்விட அதிகமான இந்தியர்கள் அனுப்பப்பட்டது மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு. துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டும் போகவில்லை. பாலம் கட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், குதிரைக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லாரும் போனார்கள். பட்டாளத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்களும் அங்கே இருந்தார்கள். எங்கள் ஆள் என்ன வேலைக்குப் போனார் என்பது ஆயாவுக்குத் தெரியாது. கல்யாணம் ஆன எட்டாம் மாதம் போனாராம். கொஞ்ச நாள் பணம் வந்ததாம், பிறகு நின்றதாம். செத்த சேதி வரவே இல்லை. அவர் மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே கிழவியாகிச் செத்தாள். ஆயா மருமகளாக வந்தபோது அந்தக் கிழவி திண்ணையில் இருந்தாள்.

அந்த இராக்கில், பஸ்ரா நகரத்தில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. எட்வர்ட் வாரன் வடிவமைத்தது, 1929-ல் திறந்தார்கள். கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. ஷட் அல் அராப் ஆற்றங்கரையில் நின்றதை 1997-ல் சதாம் உசேன் உத்தரவின்பேரில் பெயர்த்து, நசிரியா போகும் சாலையில் பாலைவனத்துக்குள் நகர்த்தி வைத்தார்கள். அதன் கற்பலகைகளில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு ரெஜிமென்டின் பெயரும், அதில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான். பிரான்சில் நுவ் சாப்பெல் என்ற இடத்தில் ஹெர்பர்ட் பேக்கர் கட்டிய இந்திய நினைவகம் இருக்கிறது, 1927-ல் திறந்தது. அங்கே நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள். அதே பட்டாளம், அதே போர். ஐரோப்பாவில் விழுந்தவனுக்குப் பெயர் கிடைத்தது, இராக்கில் விழுந்தவன் எண்ணிக்கையில் சேர்ந்தான்.

இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும், இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர் கொண்ட ஆணையம் 1917-ல் தொடங்கியபோது பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் சமமான நினைவு என்பதையே அடிப்படையாக வைத்துக்கொண்டது. நூறு வருடம் கழித்து, 2021-ல், அதே ஆணையம் அமைத்த குழு ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர்வரை சமமில்லாத முறையில் நினைக்கப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்வரை, பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அறிக்கையில் ஓர் இடம் என்னை மிகவும் வருத்தியது. அன்றைய கோல்டு கோஸ்ட், இன்றைய கானா, அதன் ஆளுநர் சொன்ன கருத்து: சராசரி உள்ளூர்வாசிக்குக் கல்லறைக் கல்லெல்லாம் புரியாது, அதை மதிக்கவும் தெரியாது. எந்த ஊர்க்காரனுக்குக் கல் புரியாது? செத்த கோழிக்குக் கல் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கும் ஒரு சொல் கேட்காமல்தான் எண்ணிக்கையை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது அந்த ஆணையத்தின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் தேடலாம். ஓர் இரவு உட்கார்ந்தேன். தேடுவதற்குப் பெயர் வேண்டுமே!

அதைச் சொல்லக்கூடிய ஆண்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. அவரை ஞாபகம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். அவர் மனைவி, ஆயாவின் மாமியார், ஆயா. கணவன் பெயரையும் கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள். மூன்று பெண்கள் எண்பது வருடம் ஒரு மனிதனை மறக்காமல் காப்பாற்றினார்கள், அவர் பெயரை மட்டும் ஒருமுறைகூட உச்சரிக்காமல். நான் கேட்டபோது ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. "அவரு பேர நான் எப்புடிடா சொல்லுவேன்? பெரிய மாமனாரு முறை" என்றாள். விடாமல் நச்சரித்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படத்தைக் கையால் காட்டி, "மலமேல நிக்கிறாரே, அவரு பேருதான்" என்றாள்.

திருப்பதிக்காரர் பெயர். ஏழுமலையா, வெங்கடாசலமா, கோவிந்தனா, பெருமாளா, திருமலையா? ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஆயா எதற்கும் தலையாட்டவில்லை. தலையாட்டினால் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாளோ, அல்லது அவளுக்கே சரியாகத் தெரியாதோ. அடுத்த வருடம் மாசியில் போய்விட்டாள். அந்த ஐந்து பெயரையும் ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேடியிருக்கிறேன். வந்த ஆட்களில் எவர் எங்கள் ஆள் என்று தீர்மானிக்க முடியவில்லை. நம்பரும் படைப்பிரிவும் எங்களிடம் இல்லை.

ஆடிப் படையலில் ஆயா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். வேடியப்பனுக்கு முன்னால் தலைவாழை இலையில் பொங்கலும் கறியும் வைத்து முடித்ததும், கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்ன இலை போடுவாள். அது கல்லைப் பார்த்து இருக்காது, ஏரியைப் பார்த்து இருக்கும். சின்ன வயதில் ஏன் என்று கேட்டிருக்கிறேன். "கப்பல்ல போனாருடா. வந்தா தண்ணி வழியாத்தான வரணும்" என்பாள். காட்சி இல்லை, கால்கோள் இல்லை, நீர்ப்படை இல்லை, நட்ட கல்லும் இல்லை. ஐந்தாவது கட்டமான படையலை மட்டும் அந்த மனிதருக்கு மூன்று பெண்கள் விடாமல் செய்திருக்கிறார்கள். மாமியார் செய்து ஆயா பார்த்திருக்கிறாள். ஆயா செய்து நாங்கள் பார்த்தோம்.

போன ஆடியில் அந்த இலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். ஒன்பது வயது.

"யாருக்குப்பா இது?"

"பஸ்ராக்காரருக்கு."

"அவர் பேரு என்ன?"

ஐந்து பெயரையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, இலையின் நுனியை ஏரிப் பக்கம் திருப்பி வைத்தாள்.